மாதவிடாயை அளந்தவர்கள்

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இது எத்தனையாவது வளைவு என்று ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருப்பார்கள். மலைக்குப் புதியவர்கள்கூட இன்னும் எவ்வளவு வழி இருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவியரை அழைத்துக்கொண்டு அம்மலைக்குச் சென்றிருந்தேன். ஒரு நாள் அறப்பளீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கு மேல் படிகள். திரும்பி ஏறும்போது பாதி வழியில் ஒரு மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது, மூச்சு வாங்கியது. "ஒண்ணுமில்ல மேடம், மாசாமாசம் வர்றதுதான்" என்றாள்.

மாலையில் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். செவிலியர் மூன்று கேள்விகள் கேட்டார். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? எத்தனை நாள் நீடிக்கிறது? எவ்வளவு போகிறது? முதல் இரண்டுக்கும் விடை வந்தது. மூன்றாவதற்கு, "எல்லாருக்கும் போறதுதானே சிஸ்டர்" என்றாள். விரல் நுனியில் ஊசி குத்திப் பார்த்தார்கள். 100 மி.லி. குருதியில் குறைந்தது 12 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும், அவளுக்கு 7.6 இருந்தது.

நான் இயற்பியல் ஆசிரியை. அலகு எழுதாத அளவீட்டை ஆய்வக ஏட்டில் கண்டால் ஏட்டையே திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'எல்லாருக்கும் போவது' என்பது என்ன அளவு? அந்த மாணவி இரண்டு ஆண்டுகளாக என் வகுப்பில் இருந்தவள். காலை நேர ஆய்வக வகுப்பில் மேசைமேல் தலை சாய்த்திருப்பாள். சோம்பேறி என்று பலமுறை கடிந்திருக்கிறேன். அவள் உடலில் இரும்பின் வரவைவிடச் செலவு மாதந்தோறும் மிகுந்துகொண்டே வந்திருக்கிறது. அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. நானும் பெண்தான், நானும் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபின் இதைப்பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மாதவிடாயை அறிவியல் எப்போது, எப்படி அளக்கத் தொடங்கியது? அந்த வரலாற்றின் சில பக்கங்களை உங்கள் முன் வைக்கிறேன். மாணவர்களும் இதைப் படிக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் அம்மாவோ அக்காவோ தங்கையோ இருக்கிறார்கள்.

நஞ்சைத் தேடிய கதை

'வீட்டுக்குத் தூரம்' ஆன பெண் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும், துளசி பட்டுப்போகும் என்று நம் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். அந்த நாள்களில் பெண்கள் தங்குவதற்கென்றே ஊருக்கு ஒதுக்குப்புறமாக 'முட்டு வீடு' கட்டி வைத்த சிற்றூர்களும் தமிழகத்தில் உண்டு. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நம்பிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, மாதவிலக்கான பெண் அருகில் வந்தால் புது மது புளித்துவிடும், பயிர் கருகும், இரும்பு துருப்பிடிக்கும் என்று எழுதிவைத்தார். 1878-ஆம் ஆண்டில், அப்பெண்கள் தொட்டால் உப்பிட்ட பன்றி இறைச்சி கெடுமா கெடாதா என்று இங்கிலாந்து மருத்துவர்கள் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் கடிதம் எழுதி வாதிட்டார்கள். நம்மூர் ஊறுகாய்க்கு அங்கே பன்றி இறைச்சி!

இந்த நம்பிக்கை ஒரு கட்டத்தில் ஆய்வகத்துக்குள்ளும் நுழைந்தது. வியன்னா நகர மருத்துவர் பேலா ஷிக், தொண்டை அடைப்பான் நோய்க்கான 'ஷிக் சோதனை'யைக் கண்டறிந்து புகழ் பெற்றவர். தம் பணிப்பெண்ணிடம் கொடுத்த மலர்கள் விரைவில் வாடிவிட்டதை அவர் ஒரு நாள் கவனித்தார். காரணம் கேட்டபோது, தான் மாதவிலக்காக இருப்பதை அவள் சொன்னாள். ஷிக் மலர்களை வைத்துச் சில சோதனைகள் செய்தார். மாதவிலக்கின்போது பெண் உடலிலிருந்து ஒரு நஞ்சு வெளிப்படுகிறது என்று 1920-ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினார். அந்த நஞ்சுக்கு 'மெனோடாக்சின்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. அதை ஆராய்ந்து மேலும் பலர் கட்டுரைகள் எழுதினர்.

மாணவ நண்பர்களே, இங்கே சற்று நின்று நீங்களே ஆய்வாளராக இருந்து யோசித்துப் பாருங்கள். மலர்கள் ஒரே நாளில், ஒரே செடியில் பறித்தவையா? அறையின் வெப்பநிலை ஒன்றுதானா? எந்த மலரை யார் தொட்டார் என்பதை அறியாத ஒருவர் வாட்டத்தை மதிப்பிட்டாரா? எத்தனை பெண்கள், எத்தனை மலர்கள்? இக்கேள்விகளுக்கு இடம் கொடுக்காத சோதனை, செய்பவர் முன்பே நம்பியதைத்தான் திருப்பிச் சொல்லும்.

1940-களில் அமெரிக்காவில் மாதவிடாய்க் குருதியை எலிகளுக்கு ஊசி வழியே செலுத்திப் பார்த்தார்கள். எலிகள் இறந்தன. நஞ்சு இருப்பது உறுதியாகிவிட்டதாகவே தோன்றியது. ஜெருசலேமில் பணியாற்றிய பெர்ன்ஹார்ட் சோண்டெக் வேறு விதமாக யோசித்தார். உடலைவிட்டு வெளியேறும் பாதையில் அக்குருதியுடன் பாக்டீரியாக்கள் கலந்திருக்கும்; எலிகளைக் கொன்றது அவையாக இருக்கலாம் அல்லவா? நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது எலிகள் பிழைத்துக்கொண்டன. தனி நஞ்சு எதுவும் இல்லை என்று 1953-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். ஷிக் எழுதி அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாள்காட்டியும் நுண்ணோக்கியும்

அதே வியன்னாவில், ஷிக்கின் கட்டுரைக்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே, வேறொரு தவறு திருத்தப்பட்டிருந்தது. கருப்பையின் உட்படலத்தைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர்கள், சிலருக்கு அதன் சுரப்பிகள் நேராகவும் மெலிந்தும், சிலருக்குப் பருத்துச் சுருண்டும் இருப்பதைக் கண்டார்கள். பருத்துச் சுருண்டிருப்பது அழற்சி நோய் என்று முடிவு கட்டினார்கள். சிகிச்சையும் அளித்தார்கள்.

ஃபிரிட்ஸ் ஹிட்ஷ்மன், லுட்விக் அட்லர் என்ற இரு மருத்துவர்கள், எடுத்த ஒவ்வொரு படலத்தோடும் ஒரு செய்தியைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் தொடங்கி எத்தனையாவது நாளில் எடுத்தது அது? நாள் வரிசைப்படி அடுக்கியதும் குழப்பம் தீர்ந்தது. மாதவிடாய் முடிந்தவுடன் மெல்லியதாக இருக்கும் படலம் நாளுக்கு நாள் தடிக்கிறது. சுரப்பிகள் நீண்டு சுருள்கின்றன. பின் படலம் உதிர்கிறது. நோய் என்று பெயரிட்டது, மாதத்தின் பிற்பகுதியில் எல்லாப் பெண்களிடமும் காணப்படும் இயல்பான தோற்றமே. 1908-ஆம் ஆண்டில் வெளியான இக்கட்டுரைக்கு உதவிய புதுக் கருவி எதுவென்று கேட்டால், நாள்காட்டி என்றுதான் சொல்ல வேண்டும்.

இம்மாற்றங்களை ஆட்டிவைப்பது எது? 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடோல்ஃப் புட்டெனான்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஹார்மோன் ஒன்றைத் தூய நிலையில் பிரித்தனர். அதே ஆண்டில் ஜார்ஜ் கார்னரும் வில்லர்ட் ஆலனும், முட்டை வெளியேறியபின் சூலகத்தில் உண்டாகும் மஞ்சள் திரளில் இன்னொரு ஹார்மோன் சுரப்பதைக் காட்டினர். புரொஜெஸ்டிரோன் எனப்படும் அது 1934-இல் தூய நிலையில் கிடைத்தது. முன்னது படலத்தை வளர்க்கிறது. பின்னது கருவை ஏற்க அதைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் குறைகின்றன. படலம் உதிர்கிறது.

உதிரும் அந்தக் கணத்தில் உள்ளே என்ன நடக்கிறது? உயிருள்ள கருப்பைக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி? அமெரிக்க உடற்கூற்றியலர் மார்கீ வியப்பான வழி ஒன்றைக் கையாண்டார். கொல்லிமலைச் சாலையில் நாம் காணும் குரங்கின் உறவான, வட இந்தியாவில் வாழும் ரீசஸ் குரங்குக்குப் பெண்களைப்போலவே ஏறத்தாழ 28 நாள் சுழற்சி உண்டு. அதன் கருப்பைப் படலத்தில் சிறு துண்டுகளை எடுத்து, அதே குரங்கின் கண்ணில், விழிவெண்படலத்துக்குப் பின்னுள்ள நீர் நிறைந்த அறையில் ஒட்டவைத்தார். துண்டு அங்கே வேர்பிடித்து வளர்ந்தது. விழிவெண்படலம் ஒளி ஊடுருவும் சாளரமன்றோ! மாதவிடாய் நாளில் கண்ணில் இருந்த துண்டிலும் குருதி கசிந்தது. கசிவுக்கு முன் அங்குள்ள சுருள் தமனிகள் இறுகுவதையும், படலம் குருதியின்றி வெளிறுவதையும், பின்னர்ச் சிறு குழாய்கள் உடைந்து குருதி சொட்டுவதையும் அவர் கண்கூடாகக் கண்டார். அவருடைய நீண்ட கட்டுரை 1940-இல் வெளிவந்தது. மாதவிடாய் என்பது உடலில் சேர்ந்த 'கெட்ட இரத்தம்' வெளியேறுவது என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. நரம்பில் ஊசி குத்தி எடுத்தால் வரும் அதே நல்ல குருதிதான், உதிர்ந்த படலத்தோடு கலந்து வருகிறது.

எவ்வளவு?

செவிலியரின் மூன்றாம் கேள்விக்கு இப்போது வருவோம். இதற்கு நம்பகமான விடை கிடைக்க 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிலவுக்கு ஏவுகலம் அனுப்பத் தொடங்கிவிட்ட காலம் அது!

சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் ஹால்பெர்க், நில்சன் என்ற ஆய்வாளர்கள் 1964-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். பயன்படுத்திய பஞ்சுத் திண்டுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால், குருதியிலுள்ள ஹீமோகுளோபின் 'கார ஹீமேட்டின்' என்ற பழுப்பு நிறப் பொருளாக மாறிக் கரைகிறது. இக்கரைசல் வழியே பச்சை ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று ஒளிமானியால் அளக்க வேண்டும். தேநீர்க் குவளையைச் சாளரத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாயம் கெட்டியாக இருந்தால் ஒளி குறைவாகக் கடக்கும். கல்லூரி மாணவர்கள் படிக்கும் பீர்–லாம்பெர்ட் விதி அதுதான். அதே பெண்ணின் நரம்பிலிருந்து எடுத்த குருதியோடு ஒப்பிட்டால், இழந்தது எத்தனை மில்லிலிட்டர் என்பது கிடைத்துவிடும்.

இம்முறையால் அவ்வாய்வுக் குழுவினர் அந்நகரின் 476 பெண்களை ஆராய்ந்து 1966-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு மாதவிடாயில் சராசரி இழப்பு சுமார் 40 மி.லி. — இரண்டரை மேசைக்கரண்டி அளவு. மாதந்தோறும் 80 மி.லி.க்கு மேல் இழந்தவர்களிடம் இரும்புச்சத்துக் குறைவு மிகுதியாகக் காணப்பட்டது. எண்களைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. 80 மி.லி.க்கு மேல் இழந்த பெண்கள் பலர், தங்களுக்குப் போவது சாதாரண அளவுதான் என்று சொன்னார்கள். மிகக் குறைவாக இழந்த சிலரோ அதிகம் என்றார்கள். வியப்பென்ன? அடுத்தவருக்கு எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்? ஒப்பிட அளவுகோலே இல்லாதபோது, தனக்கு வருவதே எல்லாருக்கும் வருவது என்று தோன்றும். என் மாணவி சொன்ன விடையைச் சுவீடன் பெண்களும் சொல்லியிருந்தார்கள்.

இப்போது கணக்கைப் போடுவோம். 1 மி.லி. குருதியில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. 40 மி.லி. போனால் 20 மி.கி.; 80 மி.லி. போனால் 40 மி.கி. இதை 30 நாளுக்குப் பங்கிட்டால், முன்னவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.7 மி.கி., பின்னவருக்கு 1.3 மி.கி. தோல், குடல் ஆகியவற்றின் வழியே எல்லாருக்கும் அன்றாடம் போகும் சுமார் 1 மி.கி. இதற்கு மேல். ஆக, பின்னவரின் குடல் நாள்தோறும் 2.3 மி.கி. இரும்பை உறிஞ்சியாக வேண்டும். சோறும் ரசமும் கொஞ்சம் காய்கறியும் உண்பவரின் உடல் அவ்வளவு இரும்பை எடுத்துக்கொள்வது மிகக் கடினம். உணவிலுள்ள இரும்பில் சிறு பகுதிதான் குருதியில் சேர்கிறது. பற்றாக்குறை மாதந்தோறும் கூடுகிறது. முதலில் சேமிப்பு கரைகிறது. பிறகு ஹீமோகுளோபின் இறங்குகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலை வகுப்பில் தலை சாய்கிறது.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் இது 53 விழுக்காடு. இதற்கு உணவு, குடற்புழு, அடுத்தடுத்த பேறுகாலம் எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் கீரையையும் மாத்திரையையும் பற்றிப் பேசும் நாம், செலவுப் பக்கத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

அளக்க முடிந்ததும் மருந்தையும் சோதிக்க முடிந்தது. ஜப்பானில் உட்டாகோ ஒகாமோட்டோ என்ற பெண் அறிவியலறிஞரும் அவர் கணவர் ஷோசுகேவும், பேறுகாலக் குருதிப்போக்கால் தாய்மார் இறப்பதைத் தடுக்க மருந்து தேடி, 1962-இல் டிரனெக்சாமிக் அமிலத்தைக் கண்டறிந்தார்கள். குருதி உறைவு கரைந்துபோவதை அது தடுக்கிறது. மாதவிடாயின்போது கொடுத்துக் கார ஹீமேட்டின் முறையால் அளந்தபோது, மிகையான போக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்தது தெரிந்தது. பின்னர்ப் புரொஜெஸ்டிரோன் வகை ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் கருப்பைச் சாதனமும் வந்தது.

இத்தனை வழிகள் இருந்தும், 2019–21 ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேர் கருப்பை அகற்றப்பட்டவர்களாக இருந்தார்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம், மிகையான மாதவிடாய்ப் போக்கு அல்லது வலி. அறுவை தேவைப்பட்டவர்கள் அவர்களுள் இருந்திருப்பார்கள். ஆனால், போகும் அளவைக் கேட்டு, மருந்து கொடுத்துப் பார்த்தபின் எடுத்த முடிவுகளாக அவற்றில் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வலியின் வேதியியல்

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பொறுத்துக்கொள், கல்யாணமானால் சரியாகிவிடும்" என்பது நம் வீடுகளில் சொல்லும் மருந்து. இது மனத்தளர்ச்சியால் வருவது என்று மருத்துவ நூல்களே நெடுங்காலம் எழுதிவந்தன.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பிக்கிள்ஸ் என்ற உடலியலறிஞர், மாதவிடாய்க் கழிவில் தசையைச் சுருங்கச் செய்யும் பொருளொன்று இருப்பதை 1957-இல் அறிவித்தார். ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு 'ஊறுகாய்' என்று பொருள்! ஊறுகாய் கெடும் என்று ஒதுக்கிவைத்த பெண்களின் வலிக்கு விடை தேடியவர் ஊறுகாய்ப் பெயர் கொண்டவர் என்பது வேடிக்கைதான். அப்பொருள் புரோஸ்டகிளாண்டின் வகையைச் சேர்ந்தது என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. கடும் வலியுள்ள பெண்களிடம் அது மிகுதியாக இருப்பதை 1965-இல் அவரும் தோழர்களும் காட்டினர்.

அது வலியை உண்டாக்கும் விதத்தை இயற்பியல் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். புரோஸ்டகிளாண்டின் கருப்பைத் தசையை இறுக்குகிறது. கடும் வலியுள்ளவர்களின் கருப்பையினுள் அழுத்தம் 150 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டுவதை அளந்திருக்கிறார்கள். நம் தமனிகளில் இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தமே சுமார் 120 தான். வெளியிலிருந்து நெருக்கும் அழுத்தம் குழாயின் உள்ளழுத்தத்தை மிஞ்சினால் குருதி எப்படி ஓடும்? அந்த நொடிகளில் தசைக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை, தசை வலிக்கிறது. இதயத்தசைக்குக் குருதி தடைப்பட்டால் நெஞ்சு வலிப்பதும் இதே காரணத்தால்தான். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டகிளாண்டின் உண்டாவதையே தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாதவிடாய் வலிக்கு மருத்துவர் எழுதித்தரும் மெஃபனமிக் அமிலம் இவ்வகை மருந்தே.

மலையிலும் சிற்றூரிலும்

வியன்னா, கோதன்பர்க், ஷெஃபீல்டு என்று சுற்றிவந்தோம். நம் நாட்டுச் சிற்றூர்ப் பெண்களைப் பார்த்தவர் யார்?

மகாராட்டிரத்தின் கட்சிரோலி, கொல்லிமலையைப்போலப் பழங்குடியினர் பெருமளவில் வாழும் காட்டுப் பகுதி. ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதியர் 1980-களில் அங்கே குடியேறினர். அதுவரை பெண் நோய்களைப் பற்றிய கணக்குகள் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்தவர்களைக் கொண்டே எடுக்கப்பட்டன. வராதவர்களின் கணக்கு? இரண்டு ஊர்களைத் தேர்ந்து, நோய் உண்டு என்றவர்களையும் இல்லை என்றவர்களையும் சேர்த்து 650 பெண்களை இவர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 1989 சனவரியில் 'லான்செட்' இதழில் வந்தது. 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பெண் நோய் அல்லது பால்வழி நோய் இருந்தது. சராசரியாக ஒருவருக்கு 3.6 நோய்கள். அதற்குமுன் பெண் நோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினரே. தாய்சேய் நலமும் குடும்பக் கட்டுப்பாடும் மட்டுமே பெண் மருத்துவம் என்றிருந்த கருத்தை இந்த எண்கள் உலுக்கின. 1994-இல் கெய்ரோவில் கூடிய மக்கள்தொகை மாநாடு, பெண்ணின் இனப்பெருக்க நலம் முழுவதையும் நாடுகளின் பொறுப்பாக ஏற்றது. இந்தியாவில் 1997-இல் அதற்கான திட்டம் தொடங்கியது.

அடுத்த சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே உள்ளது. கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறிய மேலைநாடுகளில் செல்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிற்றூர்களில் அதற்கான ஆய்வகமும் ஆளும் எங்கே? அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஊறுகாயில் சேர்க்கும் காடியின் சாரத்தை, நூற்றுக்கு நான்கு பங்காக நீர்த்துக் கருப்பைவாயில் தடவினால், மாறுபட்ட செல்கள் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற செவிலியர் வெறுங்கண்ணாலேயே இதைப் பார்த்துவிடலாம்.

இது உண்மையில் உயிரைக் காக்குமா என்று சோதித்தது ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ ஐக்கிய மருத்துவ மையம். கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஆகியவை துணைநின்றன. ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களை 2000-ஆம் ஆண்டு முதல் சோதிக்கத் தொடங்கினர். 31,000-க்கும் மேற்பட்டோர் சோதனைக்கு வந்தனர். மாற்றம் கண்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சை கிடைத்தது. ஏழாண்டுத் தொடர் கவனிப்பின் முடிவில், வழக்கமான சேவை மட்டும் பெற்ற பிரிவைவிட, சோதனை நடந்த பிரிவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007-இல் சங்கரநாராயணன் குழுவினர் 'லான்செட்' இதழில் வெளியிட்ட இவ்வாய்வு, ஏழை நாடுகள் பலவற்றுக்கு வழிகாட்டியது. மருத்துவமனையை எட்டிப் பார்த்திராத பெண்களும் வெட்கத்தை ஒதுக்கிவிட்டு வந்ததால்தான் உலகுக்கு இந்த உண்மை கிடைத்தது.

நீங்கள் செய்யக்கூடியது

வீட்டில் ஒளிமானி இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஹிட்ஷ்மனின் கருவி எல்லார் சுவரிலும் தொங்குகிறது. தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை திண்டையோ துணியையோ மாற்ற வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். எட்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்ற நேர்ந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ, வலியால் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாவிட்டாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். இரண்டு மாதவிடாய்க்கு இடையில் குருதி கசிந்தாலும், மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப்பின் மீண்டும் கண்டாலும் தாமதிக்கக் கூடாது.

என் மாணவிக்கு இரும்பு மாத்திரையும், மாதவிடாய் நாள்களுக்கென டிரனெக்சாமிக் அமிலமும் மெஃபனமிக் அமிலமும் கொடுத்தார்கள். செவிலியர் சொன்னபடி ஒரு சிறு குறிப்பேட்டில் அவள் நாளும் எண்ணும் எழுதிவந்தாள். ஆறு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.4. காலை ஆய்வக வகுப்பில் திருகு அளவியை வைத்துக்கொண்டு, சுழிப்பிழையை ஏன் கழிக்க வேண்டும் என்று பக்கத்து மேசைப் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் அருகில் சென்றதும், தலை சாய்த்திருந்த பழைய நாள்களின் நினைவில் சட்டென்று எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அடுத்த ஆண்டு முகாமுக்கு முன் பெயர்ப் பட்டியல் எடுத்தபோது, ஒவ்வொரு மாணவியையும் தனியே அழைத்துச் செவிலியரின் மூன்று கேள்விகளையும் கேட்டேன். 40 பேரில் மூன்றாவது கேள்விக்கு எண்ணால் விடை சொன்னவள் ஒருத்திதான். சென்ற ஆண்டு ஆகாய கங்கைப் படியில் உட்கார்ந்தவள் அவள்.